மீண்டும் வரும் துயரமும் குருவின் சொல்லும்

வில்லாபுரம், அவனியாபுரம் பகுதிகளிலிருந்து மனச்சோர்வுக்காக வருவோரில் பலர், மருத்துவரை நாடுமுன் கோயிலுக்கோ, தர்காவுக்கோ, தேவாலயத்துக்கோ, தாம் நம்பும் குருவிடமோ சென்று வந்தவர்களே. “அவர் சொற்படி நடந்து சில வாரங்கள் தெளிவாக இருந்தேன், மறுபடியும் துயரம் சூழ்ந்துவிட்டது. என் பக்தியில் குறையா?” என்று அவர்கள் கேட்பதுண்டு. குறை பக்தியில் இல்லை. திரும்ப வருவது இந்நோயின் இயல்பு.

நோயின் இயல்பு

துயரம், எதிலும் நாட்டமின்மை, உறக்கக் கேடு, பசியின்மை, களைப்பு, தன்னைத் தானே பழித்தல் ஆகியவற்றுள் பல, 2 வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஒருமுறை வந்து குணமடைந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது மீண்டும் வருகிறது. தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் இதைப் போன்ற சோர்வைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும்.

குருவால் ஆவதும் ஆகாததும்

தமிழகத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த, கடுமையான மனநோயுடைய 31 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாததால் அதைக் கொண்டு முடிவு கட்ட இயலாது. ஆயினும் அச்சுறுத்தாத, அன்பான இடம் நோயாளிக்கு ஆறுதல் தரும் என்பதை அது உணர்த்துகிறது.

அன்பும் சிகிச்சையும் இல்லாத இடத்தில் நேர்வதற்கு ஏர்வாடி சான்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் உயிரிழந்தனர். பின்னாளில் அவ்வூர் தர்காவிலேயே மருந்தும் பிரார்த்தனையும் இணைந்த ‘தவா-துவா’ திட்டம் தொடங்கப்பட்டது. ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

நீங்கள் செய்யவேண்டியவை

1. மருந்து உண்பதைக் குருவிடமும், குருவின் அறிவுரையை மருத்துவரிடமும் மறைக்காமல் கூறுங்கள். விரதம் இருப்பதானால் மருந்து வேளையை முன்கூட்டியே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.
2. மருந்தின் பயன் தெரிய 2 முதல் 4 வாரங்கள் ஆகும். நலமடைந்த பின்னும் குறைந்தது 6 மாதங்கள் தொடரவேண்டும். பலமுறை வந்தவர்களுக்கு மேலும் நீளும். இம்மருந்துகள் அடிமைப்படுத்துவன அல்ல. எனினும் திடீரென நிறுத்தலாகாது.
3. உறக்கம் கெடுதல், பேச்சுக் குறைதல் போன்ற உங்களுக்குரிய முன்னறிகுறிகளைக் குறித்து வையுங்கள். அவை தென்பட்டால் அடுத்த முறைக்குக் காத்திராமல் வாருங்கள்.
4. மருந்தை நிறுத்தச் சொல்பவர், அடிப்பவர், கட்டிவைப்பவர் எவராயினும் அவரிடமிருந்து விலகுங்கள். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

குடும்பத்தாருக்கு

“உனக்கு நம்பிக்கை போதாது” என்னும் சொல், ஏற்கெனவே தன்னைப் பழித்துக்கொண்டிருப்பவரை மேலும் தாழ்த்தும். சர்க்கரை கூடியவரை நாம் அவ்வாறு கேட்பதில்லை. வழிபாட்டுக்குத் துணை செல்வது போலவே மருத்துவமனைக்கும் துணை வாருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அதை அதட்டி அடக்காமல், அவரைத் தனியே விடாமல், உடனே அழைத்து வாருங்கள். இரவு பகல் எந்நேரமும் 14416 என்னும் டெலி மனஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.