பூஜ்யமும் சொல்லப்படாததும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தின் மற்ற பகுதிகளுக்குப் பிறகு பதில் எழுதுகிறேன். நடுவே ஒரு வரியில் நீ கேட்டிருந்த கேள்விதான் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நெட்வொர்க் டிரைவர் தன் சொந்தத் தரவுக்கு வாங்கும் நினைவகத்தை லினக்ஸ் கெர்னல் பூஜ்யங்களால் நிரப்பித்தான் தருகிறது. அப்படியிருக்க, இன்டெல்லின் இ1000 டிரைவர் தன் மாட்யூல் பாராமீட்டர்களை ஏன் மெனக்கெட்டு மைனஸ் ஒன்றால் நிரப்பிவைக்கிறது என்று கேட்டிருந்தாய். கூடவே, டிஃபால்ட் என்பது ஏதோ ஓர் எண்தானே, அதை எங்கே எழுதினால் என்ன என்றும் சேர்த்திருந்தாய். கேள்வி அருமையானது. சேர்த்த வரி தவறு. பல ஆண்டு வேலை செய்தவர்களே இப்படிப் பேசுவதைப் படிக்கும்போது எரிச்சல் வருகிறது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

இன்டரப்ட் த்ராட்டில் ரேட் என்ற பாராமீட்டரை எடுத்துக்கொள். நெட்வொர்க் கார்டு ஒரு நொடியில் எத்தனை முறை சிபியூவைக் குறுக்கிடலாம் என்பதற்கான வரம்பு அது. 100 முதல் 1,00,000 வரை ஓர் எண்ணைக் கொடுத்தால் அதுவே வரம்பு. 1, 3 போன்ற சிறு எண்களைக் கொடுத்தால், போக்குவரத்தைப் பார்த்து டிரைவரே வரம்பை ஏற்றி இறக்கிக்கொள்ளும். டிஃபால்ட் 3. பூஜ்யத்தைக் கொடுத்தாலோ வரம்பே வேண்டாம் என்று பொருள். தாமதம் கூடவே கூடாது என்று நினைக்கிறவர் தெரிந்தே கொடுக்கும் மதிப்பு அது. இப்போது பூஜ்யத்தையே 'யாரும் எதுவும் சொல்லவில்லை' என்பதற்கும் அடையாளமாக வைத்தால் என்ன ஆகும்? அந்த மனிதர் வரம்பு வேண்டாம் என்று சொன்னது, அவர் வாயே திறக்காததுபோல் ஆகிவிடும். டிரைவர் அவர் வார்த்தையைத் தள்ளிவிட்டு 3 என்று எழுதிக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதனால்தான் எந்தப் பாராமீட்டருக்கும் செல்லாத மைனஸ் ஒன்று. மதிப்புகளைச் சரிபார்க்கும் சிறிய ஃபங்ஷனைத் திறந்து நிதானமாகப் படி. மைனஸ் ஒன்றாக இருந்தால் சத்தமில்லாமல் டிஃபால்ட்டை இட்டுத் திரும்பிவிடுகிறது. எல்லைக்குள் இருந்தால் இந்த மதிப்பை ஏற்றுக்கொண்டேன் என்று லாகில் எழுதுகிறது. எல்லைக்கு வெளியே இருந்தால் இது செல்லாது என்று எழுதிவிட்டு, அதன் பிறகே டிஃபால்ட்டுக்குப் போகிறது. முதல் வழியும் மூன்றாவது வழியும் ஒரே எண்ணில்தான் முடிகின்றன. ஆனால் மூன்றாவதில் ஒருவர் பேசியிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லும் கடமை டிரைவருக்கு உண்டு.

நான் சொல்ல வருவது இதுதான்: ஒரு மதிப்பு என்ன என்பதோடு, அதை யார் சொன்னார் என்பதையும் டிரைவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். டிஃபால்ட் பற்றிய நல்ல விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. அதே டிரைவரில் ஃப்ளோ கன்ட்ரோலைப் பார். அங்கே டிஃபால்ட்டாக இருக்கும் 255 ஓர் அமைப்பே அல்ல. கார்டின் ஈஈப்ராமைக் கேட்டுக்கொள் என்ற குறிப்பு. பயனர் பேசவில்லையென்றால் அடுத்துப் பேச உரிமையுள்ளவர் கார்டைத் தயாரித்தவர், டிரைவர் எழுதியவர் அதற்கும் பிறகுதான் என்ற வரிசையை அந்த ஓர் எண் காப்பாற்றுகிறது.

மேக் முகவரியில் இந்த வரிசை இன்னும் கூர்மையாகத் தெரியும். இ1000 முதலில் கார்டை ரீசெட் செய்து தெரிந்த நிலைக்குக் கொண்டுவருகிறது. பிறகு, முகவரி பதிந்திருக்கும் ஈஈப்ராமின் முதல் 64 சொற்களைக் கூட்டிப் பார்க்கிறது. கூட்டுத்தொகையின் கடைசி 16 பிட் ஹெக்ஸாவில் பிஏபிஏ என்று வர வேண்டும். வராவிட்டால்? சோம்பேறி டிரைவர், நிரலில் எழுதிவைத்த ஏதோ ஒரு முகவரியைத் தூக்கிக் கார்டின் தலையில் வைத்துவிடும். ஒரே லானில் அப்படி இரண்டு கார்டுகள் சேர்ந்தால் சுவிட்ச் எந்தப் போர்ட்டுக்கு அனுப்புவது என்று தெரியாமல் தடுமாறும். இ1000 முகவரியைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. வழக்கமான போக்குவரத்து நிற்கும். ஆனால் கார்டின் அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் ஈத்டூலின் கட்டளைகள் கார்டை எட்டும், நிர்வாகி தானே ஒரு முகவரி கொடுத்து இன்டர்ஃபேஸைக் கிளப்பவும் முடியும். வேறு சில டிரைவர்கள் தற்செயல் முகவரி ஒன்றை உருவாக்குகின்றன. அதுவும் முறைதான், ஏனென்றால் கெர்னல் அதைத் தற்செயலானது என்று தனியே குறித்துவைத்து, கேட்பவருக்குச் சொல்கிறது. அடையாளம் என்று வரும்போது, பொய்யான டிஃபால்ட்டைவிட டிஃபால்ட் இல்லாமல் இருப்பதே மேல்.

எங்கே எழுதினால் என்ன என்றாயே, அதற்கு வருகிறேன். டிஃபால்ட்டுகள், கார்டைக் கண்டதும் ஓடும் ப்ரோப்பில் ஒரே ஒரு முறை, டிரைவரின் நினைவகக் கட்டமைப்புக்குள் போக வேண்டும். கார்டின் ரிஜிஸ்டர்களை அந்தக் கட்டமைப்பைப் பார்த்து எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு பாக்கெட்டின் உச்ச நீளமான எம்டியூவை மாற்றினாலும், அனுப்பும் வரிசை அசையாமல் நின்று டைம்அவுட் ஆனாலும் கார்டு ரீசெட் ஆகிறது. டிஃபால்ட்டை ரீசெட் பாதையில் எழுதிவைத்திருந்தால், நிர்வாகி ஈத்டூலால் மாற்றிய அமைப்பு ஒவ்வொரு முறையும் துடைக்கப்படும். காலையில் வைத்தது மாலையில் காணாமல் போகும். காரணம் யாருக்கும் பிடிபடாது. அதேபோல, ரிஜிஸ்டர் நெட்டெவ் என்ற அழைப்புக்கு முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அந்த அழைப்பு திரும்பி வருவதற்குள்ளேயே யாராவது இன்டர்ஃபேஸைத் திறந்துவிடலாம். பதிவுசெய்த பிறகு டிஃபால்ட் எழுதுகிறவர், வேறொருவர் அதற்குள் சொல்லிவிட்டதன் மேல் எழுதுகிறார்.

வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளட்டும், டிஃபால்ட்டுக்கு ஏன் இத்தனை கவலை என்பாய். பெரும்பாலோர் மாற்ற மாட்டார்கள், தம்பி. எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டைனும் 2003இல் சயன்ஸ் இதழில் உடலுறுப்புக் கொடை பற்றி எழுதிய கட்டுரையைத் தேடிப் படி. நாமாகச் சம்மதம் சொல்ல வேண்டிய ஜெர்மனியில் சம்மதித்தவர்கள் சுமார் 12 விழுக்காடு. மறுத்தால் ஒழியச் சம்மதம் என்று கொள்ளும் ஆஸ்திரியாவில் 99க்கும் மேல். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்திலேயே இப்படியென்றால், வரிசையின் நீளத்தை யார் போய் மாற்றப்போகிறார்கள்? ஈதர்நெட் இன்டர்ஃபேஸுக்குக் கெர்னல் இடும் அனுப்பு வரிசை 1,000 பாக்கெட். தலா 1,500 பைட் என்றால் 12 மெகாபிட். கிகாபிட் இணைப்பில் 12 மில்லிநொடியில் வடிந்துவிடும். அதே வரிசை 10 மெகாபிட் இணைப்பில் வடிய 1.2 நொடி, 1 மெகாபிட்டில் 12 நொடி. ஜிம் கெட்டிஸ் பஃபர்புளோட் என்று பெயரிட்டு உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்த நோய் இப்படிப்பட்ட எண்களில்தான் வளர்ந்தது. 2012இல் லினக்ஸ் 3.3இல் வந்த பைட் க்யூ லிமிட்ஸ், 1,000க்குப் பதில் 500 என்று இன்னொரு எண்ணைத் தேடவில்லை. அந்த வரிசைக்குக் கீழே இருக்கும் டிரைவரின் சொந்த வரிசை எவ்வளவு வேகமாக வடிகிறது என்று ஓடும்போதே அளந்து வரம்பு வைத்தது. முன்கூட்டித் தெரிய வாய்ப்பில்லாத இடத்தில் அளப்பதற்கு வழி செய்வதே தகுந்த டிஃபால்ட்.

டிரைவர் எதையும் தீர்மானிக்காமல் யூசர்ஸ்பேஸிடம் விட்டுவிடலாமே என்ற வாதமும் உண்டு. பாதி சரிதான். புதிய மாட்யூல் பாராமீட்டர்களைக் கெர்னலின் நெட்வொர்க் பராமரிப்பாளர்கள் இன்று வரவேற்பதில்லை; ஈத்டூல், டெவ்லிங்க் வழியாக வா என்கிறார்கள். ஆனால் அந்த வழியில் பயனரின் வார்த்தை, இன்டர்ஃபேஸ் உயிர்பெற்ற பிறகே வந்து சேரும். ரூட் கோப்பு முறைமையையே நெட்வொர்க் வழியாக எடுக்கும் கணினியில், ஈத்டூல் நிரல் வந்து சேர்வதற்கே நெட்வொர்க் ஓடியாக வேண்டும். அதுவரை டிஃபால்ட்டுகள்தான் கணினியைச் சுமக்கின்றன. ஆகவே அவை அடக்கமாக இருக்க வேண்டும். எம்டியூவில் கெர்னலே இதைக் காட்டுகிறது. மதிப்பு 1,500, உச்சவரம்பும் 1,500. ஜம்போ ஃப்ரேம் வேண்டுமென்றால் அந்த உச்சவரம்பை டிரைவர்தான் தன் பொறுப்பில் உயர்த்த வேண்டும். கீழ்வரம்பான 68க்குப் பின்னால் 1981இல் வந்த ஆர்எஃப்சி 791 இருக்கிறது: மிக நீண்ட ஐபி ஹெட்டர் 60 பைட், மிகச் சிறிய துண்டு 8 பைட். அந்த ஆவணத்தை முழுதாக ஒரு முறை படித்துவிடு. இன்றைய பல எண்களின் பூர்வீகம் அதில் கிடைக்கும்.

நீ எழுதிவரும் டிரைவரில் டிஃபால்ட் இடும் வரிகளையெல்லாம் ஒரு தாளில் எடுத்து எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, பயனர் ஒன்றும் சொல்லவில்லை என்பது உன் நிரலுக்கு எப்படித் தெரிகிறது என்று குறி. பதில் இல்லாத வரிகளையும், ரீசெட் பாதையில் நிற்கும் வரிகளையும் முதலில் திருத்து. திருத்திய பிறகு அனுப்பு, படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்