நம் அலுவலகக் கம்ப்யூட்டரும் பசுமைப் பழக்கமும்



போன வருஷம் நம் கூட்டமைப்பு அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று பழுதாகிவிட்டது. "இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்குது, தள்ளிவிடுவோம்" என்று பேசி, காயலான் கடைக்கு 300 ரூபாய்க்குப் போட்டோம். வரவில் எழுதினோம், மறந்துவிட்டோம்.

அதன் ஒயர்களைக் கொளுத்திச் செம்புக் கம்பி எடுத்தது நம் உறுப்பினர் ஒருவர்தான் என்று பிறகுதான் தெரிந்தது. தினக்கூலிக்கு அந்த வேலை. கைக்குழந்தையும் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. "கண்ணு எரியுதுக்கா, ஆனா கூலி கிடைக்குதே" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

உள்ளே என்ன இருக்கிறது?

பழைய பெட்டி மாதிரி டிவி, மானிட்டர்களின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. யு.பி.எஸ். பேட்டரியில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. ஈயம் உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி கெடும். ஒயரின் மேல் இருக்கும் பிளாஸ்டிக்கை எரித்தால் நச்சுப்புகை வரும். உடைத்து மண்ணில் போட்டால் விஷம் நிலத்திலும் தண்ணீரிலும் இறங்கும்.

அணைக்காமல் விட்டால் எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்ப்யூட்டரும் திரையும் சேர்ந்து 100 வாட் என்று வைத்துக்கொள்வோம். 10 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். சாயங்காலம் 6 மணிக்கு அணைக்காமல் போய், காலை 10 மணிக்கு வந்தால் 16 மணி நேரம், அதாவது 1.6 யூனிட். மாதம் 25 ராத்திரிக்கு 40 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 320 ரூபாய். மாதம் 100 ரூபாய் சேமிக்கும் மூன்று பேருடைய சேமிப்பு, யாருக்கும் பயனில்லாமல் போகிறது!

பணம் மட்டுமல்ல. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது. நாம் ஸ்விட்சை அணைத்தால் அந்தப் புகையும் கொஞ்சம் குறையும்.

அலுவலகத்தில் செய்ய வேண்டியவை

1. வேலை முடிந்ததும் கம்ப்யூட்டர், பிரிண்டர் இரண்டையும் சுவர் ஸ்விட்சிலேயே அணைக்க வேண்டும். திரையில் படம் ஓடினால் கரண்டு மிச்சம் என்று நினைக்கக் கூடாது. அப்போதும் கரண்டு செலவாகும்.
2. சாப்பிடப் போகும்போது திரையை அணைக்கலாம்.
3. தேவையானதை மட்டும் பிரிண்ட் எடுப்போம், அதையும் இரண்டு பக்கமும். வீணான தாளின் பின்பக்கம் கணக்குப் போட உதவும்.
4. மெதுவாக ஓடுகிறது என்றதும் புதுசு வாங்காமல், முதலில் மெக்கானிக்கிடம் காட்டுவோம்.
5. புதுசு வாங்கும்போது மின் சிக்கன நட்சத்திர முத்திரை இருக்கிறதா என்று பார்ப்போம்.

பழசானால் என்ன செய்வது?

மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, 1.4.2023 முதல் நடைமுறையில் இருக்கின்றன. இதன்படி, கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள் மூலம் முறையாக அழிக்கும் பொறுப்பு தயாரித்த கம்பெனிகளுக்கு உண்டு. அதனால் வாங்கிய கடையிலோ கம்பெனியிலோ "பழசைத் திரும்ப எடுப்பீங்களா?" என்று தைரியமாகக் கேட்போம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் விவரம் கேட்கலாம். யு.பி.எஸ். பேட்டரியைப் புதுசு வாங்கும் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை: பழைய கம்ப்யூட்டரில் நம் உறுப்பினர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கும். சும்மா அழித்தால் முழுசாகப் போகாது. தேவையான கணக்குகளை வேறிடத்தில் பதிந்துகொண்டு, ஹார்டு டிஸ்க்கை மெக்கானிக்கை வைத்து முழுவதும் துடைத்த பிறகே கொடுக்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேச

* நம் அலுவலகத்தில் கடைசியாகப் போகிறவர் யார்? ஸ்விட்சைப் பார்க்கும் பொறுப்பை யாரிடம் கொடுக்கலாம்?
* உங்கள் வீட்டில் பழைய செல்போன், சார்ஜர், பேட்டரி எத்தனை கிடக்கிறது?
* ஒயர் எரிக்கும் வேலைக்குப் போகும் சகோதரிக்கு வேறு தொழில் செய்யக் கடன் கொடுக்க முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு எங்கள் கூட்டமைப்பு 'முடியும்' என்று தீர்மானம் எழுதிவிட்டது. உங்கள் குழுவிலும் பேசி, முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.