கரப்பானும் குழந்தையின் உணவும்

குழந்தைக்குக் கரப்பான் வந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் மாறுவது சமையல்தான். கத்தரிக்காய், கருவாடு, முட்டை, வேர்க்கடலை என ஒவ்வொன்றாக விலக்கப்படுகின்றன. பாலூட்டும் தாயும் பத்தியம் இருக்கத் தொடங்குகிறார். சில மாதங்களுக்குப் பின் மருத்துவமனைக்கு வரும்போது தோல் முன்போலவே இருக்கிறது; குழந்தையின் எடை மட்டும் வயதுக்கேற்ப ஏறாமல் நின்றிருக்கிறது.

எக்ஸிமா எனப்படும் இக்கரப்பான் அடிப்படையில் தோலின் காப்புத்திறன் குறைவதால் வருவது. ஃபிலாக்ரின் என்னும் புரதம் பிறவியிலேயே குறைவாக அமைந்த குழந்தைகளுக்கு இது எளிதில் வருகிறது. ஈரம் இழந்து வெடித்த தோலைச் சோப்பு, வியர்வை, தூசி, கிருமிகள் ஆகியவை தாக்க, அழற்சியும் அரிப்பும் எழுகின்றன. ஆகவே நாள்தோறும் ஈரப்பதக் களிம்பைத் தாராளமாகப் பூசுவதும், மருத்துவர் தந்த மருந்தை முறையாக இடுவதுமே முதன்மையான சிகிச்சை. உணவுக் கட்டுப்பாடு அதற்கு மாற்றாகாது.

உணவுக்குப் பங்கே இல்லையா எனில், சில குழந்தைகளுக்கு உண்டு. மிதமான அல்லது கடுமையான எக்ஸிமா உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உணவு ஒவ்வாமையும் காணப்படுகிறது. பால், முட்டை, கோதுமை, சோயா, வேர்க்கடலை, மீன் ஆகியவை இதில் முக்கியமானவை. உண்ட 2 மணி நேரத்துக்குள் உடலில் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி தோன்றினால் மருத்துவரிடம் கூறுங்கள். மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு விரையுங்கள். தக்காளியோ புளிப்புப் பழமோ உண்டபின் வாயைச் சுற்றி மட்டும் சிவப்பது பெரும்பாலும் வெறும் எரிச்சலே. ஊட்டுமுன் வாயைச் சுற்றிச் சிறிது வாஸ்லைன் தடவினால் போதும்.

இரத்தப் பரிசோதனையில் ஓர் உணவின் பெயர் வந்துவிட்டது என்பதாலேயே அதை நிறுத்திவிடக் கூடாது. எவ்விதத் தொந்தரவுமின்றி அவ்வுணவை உண்ணும் குழந்தைக்கும் முடிவு அவ்வாறு வரக்கூடும்.

லண்டனில் நடந்து 2015இல் வெளியான ‘லீப்’ ஆய்வு பழைய எண்ணத்தையே புரட்டிப் போட்டது. கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை அதில் கவனித்தனர். வேர்க்கடலையைத் தொடர்ந்து உண்டவர்களைவிட அறவே தவிர்த்தவர்களிடமே, 5 வயதில் வேர்க்கடலை ஒவ்வாமை பன்மடங்கு மிகுந்திருந்தது. வயிற்றின் வழியே பழகும் உணவை உடல் ஏற்றுக்கொள்கிறது. வெடித்த தோலின் வழியே நுழைவதையோ பகையாகக் கருதுகிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். பாட்டிமார் வருந்தக்கூடும், ஆயினும் கரப்பான் உள்ள தோலில் கடலை மாவு, பயத்தமாவு, கடலை எண்ணெய் ஆகியவற்றைத் தேய்க்க வேண்டா. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு முட்டையையும் வேர்க்கடலையையும் எப்போது தொடங்கலாம் என மருத்துவரிடம் கேளுங்கள். முழுக் கடலை மூச்சுக்குழாயில் சிக்கும் ஆதலால், கைக்குழந்தைக்கு அதை நன்றாக அரைத்துக் குழைத்தே தரவேண்டும்.

ஓர் உணவின்மீது உறுதியான ஐயம் இருப்பின், மருத்துவர் மேற்பார்வையில் அந்த ஒன்றை மட்டும் 2 முதல் 4 வாரம் நிறுத்தி, பின் மீண்டும் கொடுத்துப் பார்ப்பதே முறை. பாலை நிறுத்த நேர்ந்தால் புரதத்துக்கும் கால்சியத்துக்கும் மாற்று வேண்டும். கேழ்வரகு கால்சியத்துக்கு உதவும், ஆனால் வெறும் கஞ்சி பாலுக்கு ஈடாகாது. நெடுநாள் விலக்கிய உணவை வீட்டிலேயே திடீரெனக் கொடுத்துப் பார்க்காதீர்கள். முன்பு தோலளவில் நின்ற ஒவ்வாமை, அப்போது உயிருக்கே ஆபத்தான எதிர்வினையாக மாறக்கூடும்.