புதிர் அமைப்போருக்கு முதற் பாடம்



கடைக்குப் புதிதாக வரும் பையனை முதல் நாளே நாம் கல்லாவில் உட்கார வைப்பதில்லை. சரக்கும் நிறுவையும் விலையும் பழகிய பிறகே பணப் பொறுப்பு அவனிடம் வருகிறது. குறுக்கெழுத்துப் புதிர் அமைப்பதும் அப்படியே. நம் இளைஞர்களிற் சிலர் தொடக்கத்திலேயே பெரிய கட்டமும் சிலேடைக் குறிப்புமாக எழுத முற்படுகின்றனர். அவசரம் வேண்டாம். 1913 டிசம்பர் 21-ல் ஆர்தர் வின் என்பவர் நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் வெளியிட்ட முதற் புதிரிலும் எளிய குறிப்புகளே இருந்தன. மறைபொருட் குறிப்புகள் 1920-களில் இங்கிலாந்தில்தான் வளர்ந்தன.

முதலாவது, எழுத்தை அறிதல். ஏழுக்கு ஏழு கட்டத்தில் தொடங்குங்கள். உயிர்மெய்க்கு ஒரு கட்டம். புள்ளி பெற்ற மெய்க்கும் ஒரு கட்டம். ‘கப்பல்’ என்று இடமிருந்து வலமாக எழுதினால் நான்கு கட்டம். முதலிலுள்ள ‘க’விலிருந்து கீழே ‘கடை’ என எழுதலாம். ஆனால் கடைசியிலுள்ள ‘ல்’லிலிருந்து கீழே எந்தத் தமிழ்ச் சொல்லையும் தொடங்க முடியாது, மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ஆகவே மேல்வரியிலிருந்தே ‘கல்லா’வை இறக்கி, அதன் நடு எழுத்தாக அந்த ‘ல்’லை அமைக்க வேண்டும். இது கைவராதவர் பெரிய கட்டத்தில் பாதி வழியில் நின்றுவிடுவார்.

இரண்டாவது, எழுத்துக்கூட்டலை நிச்சயித்தல். நம் ஊர்ப் பெயரையே ஒருவர் ‘ஈத்தாம்’ என்றும் மற்றொருவர் ‘ஈதாம்’ என்றும் எழுதினால், ஒன்றுக்கு நான்கு கட்டம், மற்றதற்கு மூன்று. பிறமொழிப் பெயர்களை இடுமுன் எவ்வாறு எழுதுவது என்று முடிவு செய்து அறிவித்துவிடுங்கள்.

மூன்றாவது, ஒரு குறிப்புக்கு ஒரே விடை. இதுவே தலையாயது. ‘வியாபாரிக்கு இன்றியமையாதது’ என்று குறிப்பெழுதி, முதலெழுத்தை வேறு சொல் வெட்டாமல் விட்டால், விடை பணமா, குணமா? இரண்டும் பொருந்தும். கட்டணம் வாங்கிப் பரிசும் கொடுத்தால், வெல்பவனை அறிவு தீர்மானிக்காது, அதிர்ஷ்டமே தீர்மானிக்கும். அதுவே சூது; திருமறை விலக்கியது.

இந்தியாவில் பரிசுப் போட்டிகளைக் கட்டுப்படுத்த 1955-ல் சட்டம் வந்தது. மாதம் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசு கூடாது என்று அது விதித்தது. அச்சட்டம் சூதான போட்டிகளுக்கே உரியது, திறமையால் வெல்லும் போட்டிகளுக்கு அன்று என 1957-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அந்த வேறுபாடு புதிர் அமைப்பவனின் பேனாவிலேயே இருக்கிறது. ‘கல்லாவில் எண்ணி வைப்பது’ என்று எழுதியிருந்தால் ‘குணம்’ அங்கே நுழைந்திருக்குமா? தராசில் நேர்மை காப்பவர் குறிப்பிலும் அதைக் காக்க வேண்டும்.

பயிற்சி: கடைச் சொற்கள் பத்தைக் கொண்டு ஒரு சிறு புதிர் அமையுங்கள். விடை அறியாத ஒருவரிடம் கொடுத்து, அருகில் மௌனமாக அமர்ந்திருங்கள். அவர் தடுமாறும் இடத்தில் குறிப்பைத் திருத்துங்கள். இப்படிப் பத்துப் புதிர்கள் முடித்தவருக்குச் சிலேடை தானே கைகூடும், இன்ஷா அல்லாஹ்.