பல் தேய்க்கச் சொல்வதற்கு முன்னால்

"பல் தேய்க்க வா" என்றதும் கட்டிலுக்கடியில் போய் ஒளியும் பிள்ளையிடம் அதையே உரக்கச் சொல்லிப் பயனில்லை. அதற்கு முந்தைய அரை நிமிடத்தில் என்ன கேட்டோம் என்பதுதான் முக்கியம். மறுக்காமல் செய்யும் சின்னக் காரியங்களை வரிசையாகக் கேட்டு, அந்த வேகம் குறையுமுன் கடினமானதைக் கேட்பது நடத்தைப் பகுப்பாய்வில் நன்கு அறியப்பட்ட முறை. அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களிடம் இதைச் சோதித்து, ஆய்வாளர் மேஸும் அவருடைய குழுவினரும் 1988-இல் அமெரிக்காவில் ஆய்வு வெளியிட்டார்கள். இன்று ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் பயன்படுகிறது.

முதலில் பிள்ளை எவற்றை மறுக்காமல் செய்கிறது என்று சில நாள் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து முறை சொன்னால் எட்டு முறையாவது செய்வதுதான் எளியது. நமக்கு எளிதாகத் தோன்றுவதெல்லாம் இதில் சேராது. "கை தட்டு", "மூக்கைத் தொடு", "ஹைஃபைவ் குடு" போல ஓரிரு நொடியில் முடிபவையாக ஐந்தாறு கைவசம் வேண்டும். தினமும் ஒரே வரிசையில் கேட்டால் அடுத்து பிரஷ் வரப்போவதைப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

பிறகு பக்கத்தில் போய், மூன்று முதல் ஐந்து வரை மளமளவென்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் உடனே, மனதாரப் பாராட்டுங்கள். பாராட்டு இல்லாத வரிசை வெறும் அதிகாரம்; அதற்குப் பலனும் குறைவு. கடைசிப் பாராட்டு முடிந்து ஐந்து நொடிக்குள் "பிரஷை வாயில் வை" என்று சொல்லுங்கள். "தேய்க்கலாமா?" என்று கேட்டால் "வேணாம்" என்பதும் சரியான பதில்தானே! வாயில் வைத்துவிட்டால், அதுவரை தந்ததைவிடப் பெரிய பாராட்டோ பிடித்த விளையாட்டோ அப்போதே கிடைக்கட்டும்.

பலரும் தடுமாறுவது நேரத்தில்தான். பிள்ளை அழுது புரளத் தொடங்கியபின் ஹைஃபைவ் கேட்டுக் கொஞ்சினால், புரண்டால் கொஞ்சல் கிடைக்கும் என்றே அது கற்றுக்கொள்ளும். வரிசை எப்போதும் மறுப்புக்கு முன்னால் வரவேண்டும்.

தொடர்ந்து ஒத்துழைத்தால் ஐந்தை மூன்றாக்கி, பிறகு ஒன்றாக்கி, மெல்ல விட்டுவிடலாம். அவசரம் வேண்டாம், மறுப்பு திரும்பினால் ஒரு படி பின்னால் போங்கள். எதற்கும் அசையாத பிள்ளைக்கு ஈறு வலிக்கிறதா, பேஸ்ட் எரிகிறதா என்று பார்ப்பது அவசியம். வலியால் மறுப்பவரை இந்த முறையால் இணங்கவைக்கக் கூடாது; பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.