வணிகக் குறியும் அதன் காப்பும்

எழுத்தறியாதவரும் தீப்பெட்டியை அதன் மேலுள்ள படத்தைச் சொல்லியே கேட்டு வாங்குவர். ‘டிரேட் மார்க்’ எனப்படும் வணிகக் குறியின் ஆற்றல் அதுவே. வணிகர் பல்லாண்டு உழைத்து ஈட்டிய நற்பெயர் அக்குறியில் அடங்கியுள்ளது. அதனைப் பிறர் களவாடாமல் காக்கும் வேலியே பதிவு.

இந்தியாவில் 1940, 1958 ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின் வந்த 1999 ஆம் ஆண்டுச் சட்டம், 2003 முதல் நடைமுறையில் உள்ளது. பொருளின் தன்மையை மட்டும் கூறும் சொல்லுக்குப் பதிவு எளிதில் கிட்டாது. ‘இனிப்பு’ என்னும் சொல்லை மிட்டாய்க்கு ஒருவரே உரிமையாக்கிக் கொண்டால் மற்றவர் எங்ஙனம் விற்பர்? விண்ணப்பம் ஆராயப்பட்டு அரசின் வணிகக் குறி இதழில் வெளியாகும். நான்கு மாதத்திற்குள் எதிர்ப்பு எழாவிடில் பதிவாகும். விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டுகள் அது செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும்.

புதுப்பிக்கத் தவறினால்? ‘வேர்ல்பூல்’ என்னும் அமெரிக்க நிறுவனத்தின் இந்தியப் பதிவு 1977 இல் காலாவதியாயிற்று. 1986 இல் வேறு சிலர் அப்பெயருக்கு விண்ணப்பித்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவர்கள் அப்பெயரில் சலவை இயந்திரம் விற்க விதிக்கப்பட்ட இடைக்காலத் தடையை, 1996 இல் அந்நீதிமன்றம் உறுதி செய்தது. நிறுவனத்தைக் காத்தது அதன் உலகப் புகழே.

ஊரளவில் மட்டும் அறியப்பட்ட அப்பள வணிகருக்கு அப்புகழ் ஏது? பதிவில்லையேல் தம் நற்பெயரை அவரே சான்று காட்டி மெய்ப்பிக்க வேண்டும். ஆதலின் சிறு வணிகருக்கே பதிவு மிகுதியும் தேவை என்பது தெளிவு.