மருந்தும் மதிப்பும்

ஐந்து ஆறுகளின் பெயரால் அமைந்த மாநிலம் பஞ்சாப். கோதுமை விளையும் அவ்வளநிலத்தில், அபினும் ஹெராயினும் பல குடும்பங்களை நெடுங்காலமாக வாட்டி வருகின்றன. இத்துயர் ஒரு மாநிலத்திற்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர் அபின்வகைப் பொருள்களைப் பயன்படுத்துவதாக, 2019ஆம் ஆண்டு வெளியான நடுவண் அரசின் ஆய்வு கூறுகிறது.

இப்பொருள்களுக்கு உடல் நாளடைவில் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியன வருத்தும். ஆதலால் மன உறுதியால் மட்டுமே பலரால் மீள இயலுவதில்லை. இந்நிலை ஒழுக்கக்கேடு அன்று; மருத்துவம் தேவைப்படும் நோய்.

இதனை உணர்ந்த பஞ்சாப் அரசு, 2017ஆம் ஆண்டு அமிர்தசரஸ், மோகா, தரன் தாரன் மாவட்டங்களில் புறநோயாளர் சிகிச்சை மையங்களைத் தொடங்கியது. பின்னர் அவை பிற மாவட்டங்களுக்கும் விரிந்தன. அங்கு நோயாளர் தங்க வேண்டியதில்லை. புப்ரினார்பினும் நலாக்சோனும் சேர்ந்த மாத்திரையைப் பணியாளர் முன்னிலையில் நாவின் அடியில் வைத்துக் கரைத்துவிட்டு, தம் வேலைக்குச் செல்லலாம். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது மாத்திரைகளை வீட்டிற்குக் கொண்டுசெல்லவும் இசைவு தரப்பட்டது.

"ஒரு போதைக்கு மாற்றாக இன்னொரு போதையா?" எனச் சிலர் வினவுவர். மருத்துவர் குறித்த அளவில் உட்கொள்ளும் இம்மாத்திரை வேட்கையைத் தணித்து, இயல்பு வாழ்வுக்கு வழிவகுக்கிறது. நீரிழிவு நோயாளர் நாள்தோறும் மருந்து உட்கொள்வதை எவரும் பழிப்பதில்லை அல்லவா?

சிகிச்சை இடையில் நின்றுபோவது ஆபத்தானது. சில காலம் விலகியிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. அதே அளவை மீண்டும் எடுத்தால் மூச்சுத் தளர்ந்து உயிரே பிரியக்கூடும். அவ்வேளையில் உடனே 108 எண்ணை அழைத்தல் வேண்டும். உரிய நேரத்தில் செலுத்தப்படும் நலாக்சோன் ஊசி மூச்சை மீட்கும்.

மருந்து இருந்தும் பலர் மையத்தின் வாயிலை மிதிக்கத் தயங்குகின்றனர். ஊரார் பழிச்சொல்லே அவர்களைத் தடுக்கிறது. உதவி நாடுவோர் 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். பழிச்சொல் நோயை மறைக்கச் செய்யும். பரிவு நோயாளரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்.

வினாக்கள்

1. மன உறுதியால் மட்டுமே பலரால் மீள இயலாதது ஏன்?
2. சிகிச்சை இடையில் நின்றால் நேரும் ஆபத்து யாது?
3. பழிச்சொல்லுக்கு அஞ்சும் நோயாளர் ஒருவரிடம் நீ எவ்வாறு பேசுவாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.